மட்கார்டில் ரெண்டு ஓட்டை

எழுதிக்குங்க தம்பி. இடது பக்கத்துக் கண்ணாடி ஒரிஜினல் இல்லைன்னு உங்க ஃபாரத்துல எழுதிக்குங்க. எத்தனை மார்க் குறைக்கணுமோ குறைச்சுக்குங்க, நான் ஒண்ணும் கேக்கப் போறதில்லை. ஆனா விவரம் தெரியாத ஆளு மட்கார்டுல ஓட்டை போட்டிருக்கான்னு மட்டும் எழுதிராதீங்க. அந்த ரெண்டு ஓட்டையையும் போட்டவன் நாந்தான். விவரம் தெரிஞ்சேதான் போட்டனுங்க.

நீங்க சங்கத்துக்குப் புதுசு போல. அதனால சொல்றேன். மூணு வருசமா பழைய கார் போட்டியில முதல் கப்பு இந்த வண்டிக்குத்தான். அறுபத்திரெண்டாம் வருசத்து ஃபியட். தொண்ணூறுல எங்க மில் மேனேஜர் வீட்டுல இருந்து வாங்கினேன். நான் அப்ப அங்க மெயின்டனன்ஸ் ஃபோர்மேன். வாங்கின நாள்ல இருந்து இதுல ஒரு திருகாணி மாத்தினாலும் அதே காலத்துத் திருகாணியாத் தேடித்தான் போடுவேன். போன வருசம் உங்க தலைவர் டார்ச் அடிச்சு அடியில எல்லாம் பார்த்துட்டு, "சென்னியப்பண்ணா, இது கம்பெனியில இருந்து நேத்து வந்த மாதிரி இருக்குது"ன்னாரு. அந்தச் சொல்லு போதுங்க எனக்கு.

கம்பெனியில இருந்து வரும்போது இதுக்கு டிரைவர் பக்கம் மட்டுந்தான் கண்ணாடி. இடது பக்கம் கிடையாது. இடது பக்கம் பார்க்கறதுக்கு எனக்கு மயிலாத்தா இருந்தா. எம்பட சம்சாரம்.

சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன். வண்டி எடுத்தா அவ பக்கத்துல உட்காருவா. முந்தானையை இழுத்துச் சொருகிட்டு, தலையைக் கொஞ்சம் வெளிய நீட்டிக்குவா. "போலாங்க." "சித்த நில்லுங்க, ஒரு டி.வி.எஸ் வருது." "இன்னும் ஒரு சாண் இருக்குது, வாங்க." அவ சொல்லுவா, நான் திருப்புவேன். அவ வரலைன்னா வண்டி செட்டை விட்டு வெளிய வராது. அவளுக்குக் காய்ச்சல்னாக்கூட, ஒரு மாத்திரையைப் போட்டுட்டு வந்து உட்காருன்னு சொல்லியிருக்கேன். அவளுக்கும் அது பிடிச்சுத்தான் இருந்துச்சு. பிடிக்கலைன்னு ஒரு நாளும் சொன்னதில்லையே.

போன ஆடி மாசந்தான் முதல்ல கேட்டா. நான் வண்டியைத் துடைச்சிட்டிருக்கேன். பெயிண்ட் வேலை முடிஞ்சு வந்து நாலு நாள் இருக்கும். பக்கத்துல வந்து நின்னுட்டு, "ஏனுங்க, இந்தப் பக்கமும் ஒரு கண்ணாடி வெச்சா என்னங்க?"ன்னா.

"எதுக்கு?"

"இல்லீங்க, இப்பெல்லாம் வண்டி ரொம்ப வருது. ஒரு பாதுகாப்புக்கு."

"மட்கார்டுல ஓட்டை போடணும் தெரியுமா? ஓட்டை போட்டா அறுபத்திரெண்டாம் வருசத்து வண்டி இல்லை இது. வெறும் பழைய வண்டி."

அவ உள்ள போயிட்டா. எனக்குக் கோவம்னா அப்படிக் கோவம். முப்பத்திநாலு வருசமா ஒரு வேலை பண்ணிட்டு, திடீர்னு ஒரு நாள் எனக்கு பதிலா ஒரு கண்ணாடியை வெச்சுக்கோன்னா என்ன அர்த்தம்? சலிப்புன்னுதான் நெனச்சேன். வயசாச்சு, சலிச்சுப் போச்சு, வண்டியில வர விருப்பமில்லைன்னு.

அதுக்கப்புறமேட்டுக்கு ஒவ்வொண்ணா நடந்துச்சுங்க. சோறு போடும்போது குழம்பு இலைக்கு வெளிய போவும். கதவு நெலவுல தோளை இடிச்சுக்குவா. கவனமே இல்லைன்னு திட்டுவேன். ஆவணி கடைசியில வண்டியை உள்ள விடும்போது, "வாங்க, வாங்க"ன்னுட்டே இருந்தா. வாசல் கேட்டுத் தூண்ல இடது பக்கம் தேய்ச்சுட்டுப் போச்சு. புதுப் பெயிண்ட்டுங்க. ரெண்டு நாள் நான் அவகூடப் பேசலை. மூணாம் நாள் அவளே வந்து, "கண்ணாடி விஷயமா ஒருக்கா போய்ப் பார்த்துட்டு வந்தரலாங்களா"ன்னா.

நான் என்ன நெனப்பேன்? நீங்களே சொல்லுங்க. கையில துணியோட காருக்குப் பக்கத்துல நிக்கற ஆளுகிட்ட வந்து கண்ணாடின்னு சொன்னா, அவன் என்னன்னு நெனைப்பான்? திரும்பவும் அதே பேச்சான்னு கத்தினேன். இனிமே இந்த வீட்டுல கண்ணாடிங்கற பேச்சே வரக் கூடாதுன்னேன். சரிங்கன்னுட்டா. அதுக்கப்புறம் கேக்கவே இல்லை.

மார்கழியில எம்பட தங்கச்சி பேத்திக்கு வால்பாறையில காதுகுத்து. பஸ்ல போயிரலாங்கன்னு மயிலாத்தா சொன்னா. "வண்டி வெச்சிருக்கறது எதுக்கு?"ன்னு நான் சொன்னேன். ஏறும்போது ஒண்ணும் ஆகலை. காதுகுத்து முடிஞ்சு சாப்பிட்டுட்டு ரெண்டு மணிக்கு இறங்கினோம். நல்ல பனிமூட்டம். எறங்க எறங்கக் கலைஞ்சிரும்னு நெனச்சேன், கலையலை. பின் கண்ணாடி பூரா ஆவி படிஞ்சு வெள்ளையாக் கெடக்குது.

வர்ற வழியில எல்லாம் நான் கேட்டுட்டே வந்தேன். "மயிலு, ஓரம் எவ்வளவு இருக்குது?" "இருக்குதுங்க." "எவ்வளவு?" "இருக்குதுங்க, போங்க." எப்பவும் ஒரு சாண், ரெண்டு சாண்னு கணக்காச் சொல்றவ, அன்னைக்கு இருக்குது இருக்குதுன்னே வந்தா. அப்பவே எனக்கு எரிச்சல்.

ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு மேல வந்தாச்சு. இடது பக்கம் பள்ளம். ஓரத்துல இருந்த கைப்பிடிச் சுவரு ஐப்பசி மழையில இடிஞ்சு போய், நாலு காலி டிரம்மை வரிசையா வெச்சிருந்தாங்க. அதுலயும் ஒரு டிரம்மைக் காணோம். கீழ இருந்து ஒரு பஸ்ஸு ஏறி வருது. மலையில ஏறற வண்டிக்குத்தானுங்களே வழி விடணும். வளைவுல அந்த பஸ்ஸு திரும்பறதுக்கு முழு ரோடும் வேணும். நான் ஒரு பத்தடி பின்னால போயாகணும்.

டிரைவர் கையைக் காட்டறான். நான் ரிவர்ஸ் போட்டேன். வலது பக்கக் கண்ணாடியில மலை தெரியுது. பின் கண்ணாடியில ஒண்ணும் தெரியலை. இடது பக்கம் மயிலாத்தாதான்.

"பார்த்துச் சொல்லு. டிரம்மு பக்கத்துல வந்தா சொல்லு."

அவ தலையை வெளிய நீட்டினா. "வாங்க"ன்னா.

நான் க்ளட்ச்சை விட்டேன். வண்டி பின்னால நகருது.

"வாங்க... வாங்க..."

அந்தக் குரல் சரியில்லைங்க. இன்னைக்கும் காதுல இருக்குது. எப்பவும் அவ 'வாங்க'ன்னா அதுல ஒரு தீர்மானம் இருக்கும். அன்னைக்குக் கேக்கற மாதிரி இருந்துச்சு. என்கிட்டயே கேக்கற மாதிரி. நான் அதைக் கவனிச்சேன். கவனிச்சுட்டும் காலை எடுக்கலை.

கண்டக்டர் விசில் அடிச்சான். ஒரு விசில் இல்லை, நிறுத்தாம அடிச்சான். அதுக்குள்ள பின்னால டக்குனு ஒரு எறக்கம். வண்டி இடது பக்கமாச் சாஞ்சுது. கல்லு உருண்டு போற சத்தம் கேட்டுச்சு. உருண்டுட்டே போச்சுங்க. நிக்கவே இல்லை அந்தச் சத்தம்.

பிரேக்கை மிதிச்சுட்டேன். கைபிரேக்கையும் இழுத்தேன். பின் சக்கரம் ஒண்ணு அந்தரத்துல. வண்டியோட அடிவயிறு ரோட்டு விளிம்புல உட்கார்ந்திருக்குது. முன்னால வானந்தான் தெரியுது. மயிலாத்தா கதவோட ஒட்டிப் போயிருந்தா. அந்தக் கதவு திறந்தா கீழ பள்ளம்.

"அசையாதே"ன்னேன்.

"சரிங்க"ன்னா. அவ்வளவுதான்.

பஸ்ஸுல இருந்து ஆளுங்க எறங்கி ஓடி வந்தாங்க. டிரைவர் வயசான ஆளு. வண்டியை ஒருக்கா சுத்திப் பார்த்துட்டு ஜன்னல்கிட்ட வந்து, "பெரியவரே, காலை எடுத்துராதீங்க. நீங்க முதல்ல எறங்கினீங்கன்னா வண்டி அவங்களைக் கூட்டிட்டுப் போயிரும். அம்மாதான் முதல்ல வரணும்"னான். நாலு ஆளுங்க முன்னால வலது பக்க மட்கார்டு மேல ஏறி உட்கார்ந்தாங்க, பாரத்துக்கு. சொல்லக் கூடாதுதான், இருந்தாலும் சொல்றேன். அதுல ஒருத்தன் பெல்ட்டு பக்கிள் பெயிண்ட்டுல தேய்க்கறது எனக்குத் தெரிஞ்சுது. சம்சாரம் பள்ளத்து மேல உட்கார்ந்திருக்கா, நான் பக்கிளைப் பார்க்கறேன். மனசு எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க.

இதுல முன்னால ஒரே சீட்டு. கியரு ஸ்டியரிங்லயே இருக்கும், நடுவுல ஒண்ணும் தடுக்காது. அதுதான் காப்பாத்துச்சு. "மெதுவா இந்தப் பக்கம் நகர்ந்து வா"ன்னேன். அவ சாய்வுல மேல ஏறி வரணும். ஒரு கையால சீட்டைப் பிடிச்சா, இன்னொரு கையை என் பக்கம் நீட்டினா. அந்தக் கை என் கையைத் தேடுதுங்க. நான் இங்க நீட்டியிருக்கேன், அது அங்க தேடுது. பயத்துல அப்படிப் பண்றான்னு நெனச்சேன். எட்டிப் பிடிச்சு இழுத்தேன். அவ நகரும்போது வண்டி ஒருக்கா கிறீச்சுனுது. மட்கார்டு மேல இருந்தவங்க எல்லாம் மூச்சைப் பிடிச்சாங்க. என் மடி மேல ஏறி, என் மேல கால வெச்சு, டிரைவர் கையைப் பிடிச்சு எறங்கினா. அவ கால் ரோட்டுல பட்டதுக்கப்புறமும் நான் பிரேக்கை விடலை.

அப்புறம் சக்கரத்துக்குக் கல்லு குடுத்து என்னை எறக்கினாங்க. பத்துப் பதினஞ்சு பேர் சேர்ந்து பின்பக்கத்தைத் தூக்கி ரோட்டுல வெச்சாங்க. நல்ல சனங்க.

நான் என்ன பண்ணினேன்னா, நேரா மயிலாத்தாகிட்டப் போனேன். அத்தனை பேரு நிக்கறாங்க. "கண்ணு தெரியலையாடி உனக்கு?"ன்னு கேட்டேன். கத்தித்தான் கேட்டேன்.

அவ ரோட்டையே பார்த்துட்டு, "ஆமாங்க. தெரியலைங்க"ன்னா.

எதுத்துப் பேசறான்னு நெனச்சுட்டேன் தம்பி. கையை ஓங்கிட்டேன். டிரைவர்தான் பிடிச்சான். இத்தனை வருசத்துல கை நீட்டினவன் இல்லை நான். அன்னைக்கும் நீட்டலை. ஓங்கினதோட சரி.

கீழ எறங்கி வந்தோம். அடிவாரத்துல ஒரு டீக்கடையில நிறுத்தினேன். பெஞ்சுல உட்கார்ந்தா. டீயை ரெண்டு வாய் குடிச்சுட்டு, கிளாஸை இடது பக்கம் பெஞ்சு மேல வெச்சா. அங்க பெஞ்சு இல்லை. பெஞ்சு முடிஞ்சு போச்சு. கிளாஸு விழுந்து உடைஞ்சுது. அவ குனிஞ்சு அதைத் தேடறா. கிளாஸு ஒரு பக்கம் கெடக்குது, கை வேற பக்கம் தடவுது. சீட்டுல என் கையைத் தேடுச்சே, அதே மாதிரி.

நான் அவ பக்கத்துல உட்கார்ந்தேன். "எப்ப இருந்து?"ன்னேன்.

"ஆடிக்கு முன்னாலயே கொஞ்சம் கொஞ்சமாங்க."

"அப்புறம் எப்படி டவுனுக்குள்ள எல்லாம் சொல்லிட்டு வந்தே?"

"சத்தத்தை வெச்சுத்தானுங்க. வர்ற வண்டி ஹாரன் அடிக்கும். அடிக்கலைன்னா போலாம்பேன்." அப்புறம் அவளே சொன்னா, "பள்ளம் ஹாரன் அடிக்காதில்லைங்களா."

அடுத்த நாள் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். கண்ணுல பிரஷராமா. இடது கண்ணு முழுசாப் போயிருச்சு. வலது கண்ணுல நடுவுல மட்டும் தெரியுது, ஓரம் பூரா இருட்டு. போனது திரும்ப வராது, இருக்கறதைச் சொட்டு மருந்துல காப்பாத்திக்கலாம்னு அந்த டாக்டரம்மா சொன்னாங்க. முன்னாடியே ஏன் வரலைன்னு கேட்டாங்க. மயிலாத்தா என்ன சொன்னா தெரியுங்களா? "ஆவணியில கண்ணாடி போடணும்னு இவருகிட்டச் சொன்னேனுங்க. அப்ப தூண்ல தேய்ச்சதுக்கு வண்டிக்கு வேலை நடந்துட்டிருந்துச்சு"ன்னா. குத்தமாச் சொல்லலை. சாதாரணமாச் சொன்னா.

மூக்குக் கண்ணாடிங்க தம்பி. அவ சொன்னது அதை.

ஆனா ஒண்ணு. கண்ணு தெரியலைன்னு ஒரு வார்த்தை நேராச் சொல்லியிருக்கலாமில்லை? கண்ணாடி கண்ணாடின்னா எனக்கென்ன ஜோசியமா தெரியும்? எம்பட மக கோகிலவாணி, "அம்மா சொல்லியிருந்தா மட்டும் நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"ன்னு கேக்கறா. கூட்டிட்டுப் போயிருப்பேன். போயிருக்க மாட்டேனா? ஆவணியிலயே வந்திருந்தா இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும்னாங்க அந்த டாக்டரம்மா. எவ்வளவுன்னு நான் கேக்கலை.

ரெண்டு வாரம் வண்டியைத் தொடலை. அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகணும், ஆட்டோ கூப்பிடறேன்னேன். "எதுக்குங்க, நம்ம வண்டி இருக்குதே"ன்னா. அவ வந்து எப்பவும் போல முன்னால உட்கார்ந்தா. முந்தானையைச் சொருகினா. நான் ஸ்டார்ட் பண்ணி, செட்டுல இருந்து பின்னால எடுக்கணும், சும்மா உட்கார்ந்திருக்கேன். அவ ஜன்னல் வழியாத் தலையை நீட்டினா. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்தப் பக்கம் அவளுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு. ஆனாலும் நீட்டி, "போலாங்க"ன்னா.

இஞ்சினை அணைச்சுட்டேன். ஆட்டோவுலதான் போனோம்.

மறுநாள் காலையில உக்கடத்துக்குப் போனேன். தாஜுதீன் பாய்னு ஒருத்தர், பழைய சாமான் எல்லாம் வெச்சிருப்பார். கதவுல கவ்விக்கற மாதிரி ஒண்ணு இருக்குது, ஓட்டை வேண்டாம்னார். வாங்கிட்டு வந்து மாட்டிப் பார்த்தேன். இஞ்சின் ஓடும்போது ஆடுது, அதுல வர்ற லாரியே ரெண்டாத் தெரியுது. திருப்பிக் குடுத்துட்டு, குரோம் போட்ட இந்த வட்டக் கண்ணாடியை எடுத்துட்டு வந்தேன். இது மட்கார்டு மேல நிக்கணும். திருகித்தான் ஆகணும்.

மயிலாத்தாவுக்கு எப்படியோ தெரிஞ்சு போச்சு. டிரில்லிங் மிசினை எடுக்கற சத்தம் கேட்டு வந்தா. "வேண்டாங்க. ஒரிஜினல் போயிருமே"ன்னா. "உங்க கப்பு போயிரும். நான் வேணா முன்ன மாதிரி உட்கார்ந்து உன்னிப்பாக் கேக்கறேனுங்க"ன்னா.

"போய் உள்ள உட்காரு"ன்னேன்.

போகலை. சுவத்தோரமா நின்னா. நான் டேப் ஒட்டி, அளவு எடுத்து, பஞ்ச் வெச்சுத் தட்டினேன். மில்லுல எத்தனை ஆயிரம் ஓட்டை போட்டிருக்கேன், ரெண்டாந்தடவை அளந்ததில்லை. அன்னைக்கு மூணு தடவை அளந்தேன். வயசுதான், வேற ஒண்ணுமில்லை. மிசினை வெச்சு அழுத்தினேன். பெயிண்ட்டு முதல்ல சுருண்டு வந்துச்சு, அப்புறம் சிவப்பா பிரைமரு, அப்புறம் தகடு. அறுபத்திரெண்டாம் வருசத்துத் தகடு. வெள்ளி மாதிரி மின்னுச்சுங்க. முதல் ஓட்டை விழுந்தப்ப அவ "ஐயோ"ன்னா. ரெண்டாவதையும் போட்டேன். துரு பிடிக்காம இருக்க ரெட் ஆக்சைடு தடவி, ரப்பர் வாஷர் போட்டு முறுக்கினேன். தொட்டுப் பாருங்க, தண்ணி இறங்காது.

அடுத்த மாசம் ஆஸ்பத்திரிக்கு வண்டியிலதான் போனோம். நான் முன் கதவைத் திறந்து விட்டேன். அவ ஒரு நிமிசம் நின்னா. அப்புறம் பின் கதவைத் தடவித் திறந்து, பின்னால போய் உட்கார்ந்துட்டா. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. முன் கதவைச் சாத்திட்டு வந்து ஸ்டார்ட் பண்ணினேன். திரும்பி வரும்போது பேச்சே காணோம். சிங்காநல்லூர் சிக்னல்ல திரும்பிப் பார்க்கறேன், தூங்கறா. வாயைத் திறந்துட்டு, தலை ஒரு பக்கம் சாஞ்சு, கொழந்தை மாதிரி. இத்தனை வருசத்துல அவ இந்த வண்டியில தூங்கி நான் பார்த்ததில்லை. கார்ல தூக்கம் வராதவன்னுல்ல நெனச்சுட்டிருந்தேன். வீட்டு வாசலைத் தாண்டி, சூலூர் வரைக்கும் சும்மா ஓட்டிட்டுப் போய்த் திருப்பிட்டு வந்தேன். எழுப்ப மனசு வரலை.

சரி, நீங்க எழுதுங்க. எந்தக் கட்டத்துல வேணுமோ எழுதுங்க. காரணம்னு ஒரு கட்டம் இருக்குதா? அதைச் சும்மா விட்டுருங்க.

அதோ, காப்பி கொண்டாரா. நீங்க எந்திரிச்சு வாங்கப் போகாதீங்க, அவளே கொண்டாந்து கையில குடுத்தாத்தான் அவளுக்குத் திருப்தி. காலை மட்டும் கொஞ்சம் உள்ள இழுத்துக்குங்க. அந்தப் பையையும். அது அவளுக்கு இடது பக்கம். ஆங், போதும். பேசுங்க தம்பி. ஏதாச்சும் பேசிட்டே இருங்க. சத்தத்தை வெச்சுத்தான் வருவா.